துடிக்கும் கழுத்துக் கட்டி

திருநீர்மலைக்கு அருகேயுள்ள தாம்பரத்தில் 1928-ம் வருஷம் டாக்டர் சௌரி முத்து க்ஷயரோக நிலையம் ஒன்றை ஸ்தாபித்தார். அது இன்று அரசாங்க நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியாக நடந்து வருகிறது. அதை அண்டி வாழும் ஜனங்களுக்குக் கழுத்தில் கட்டி என்றதும் கண்டமாலையே நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை. கழுத்தில் நெறி கட்டுவதற்கு க்ஷயம் ஒரு முக்கிய காரணம் என்பதும் மெய்யே. ஆனால் தொட்டால் நாடிபோல் துடிக்கும் கட்டி வேறு வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதைச் சாதாரணக் கட்டியென்று கீறுவது உயிருக்கே உலை வைக்கும். ஆகவே, இவ்விஷயத்தைப் பொதுஜனங்களுக்கு எடுத்துரைப்பது நமது கடமையெனக் கருதுகிறோம்.

மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் கரோட்டிட் என்னும் பெருந்தமனி, தாடைக் கோணத்தின் கீழே இரு கிளையாகப் பிரிகிறது. அந்தக் கவட்டில் அரிசி மணியளவான ஓர் உறுப்பு அமர்ந்து, ரத்தத்தில் பிராணவாயு குறைகிறதா என்று காவல் காக்கிறது. இதன் தொழிலை விளக்கியதற்காகவே பெல்ஜிய விஞ்ஞானி ஹேமன்ஸுக்கு 1938-ம் வருஷத்து நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இவ்வுறுப்பு பெருத்துக் கட்டியாவது ஒரு நோய். திருநீர்மலை போன்ற சிறு குன்றுகளால் அதற்கு யாதொரு தொல்லையுமில்லை. ஆண்டிஸ் மலையின் உச்சிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோரிடமே அது அதிகம் காணப்படுகிறது. சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருவதுண்டு. தமனியின் சுவரே நலிந்து பலூன்போல் புடைப்பது மற்றொரு நோய். இதனை அனூரிஸம் என்பர்.

இரண்டும் ஒரே இடத்தில் தோன்றும், இரண்டும் துடிக்கும். பின் பேதம் யாது? கைதேர்ந்த வைத்தியர் கட்டியின் இரு புறமும் விரல்களை மெல்ல வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு துடிப்புக்கும் விரல்கள் விலகினால் அது புடைப்பு. விலகாமல் மேலெழும்பினால் மட்டும், அடியிலுள்ள தமனியின் துடிப்பைக் கட்டி ஏற்றுக் காட்டுகிறதென்று பொருள். மேலும், தமனிக் கவட்டில் சிக்கிய கட்டி பக்கவாட்டில் நகரும். மேலும் கீழும் நகராது. எனினும் விரல் ஏமாறும். வயோதிகர் சிலருக்குத் தமனி வளைந்து நிற்பதே புடைப்புப்போல் தோன்றும். ஆதலால் டாப்ளர் ஸ்கேனும், தேவையானால் தமனிகளைக் காட்டும் சி.டி. படமும் எடுத்தே முடிவு செய்ய வேண்டும். கட்டியாயின் கிளைகள் இரண்டும் யாழின் கைகள்போல் விரிந்து நிற்கும். இடையே நுண்குழாய்கள் மலிந்திருக்கும். புடைப்பாயின் தமனியின் உட்புறமே அகன்றிருக்கும். சுவரோரம் உறைந்த ரத்தமும் தென்படலாம்.

பேதம் அறிவதால் பயன் என்ன? சிகிச்சையே மாறுகிறது. கட்டி மெதுவாக வளர்வது. அதனைத் தமனியினின்று பிரித்தெடுப்பர். புடைப்பினின்று ரத்த உறை நழுவி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும். அங்கே தமனியையே சீர்ப்படுத்தியாக வேண்டும். லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் 1805-ல் இந்தப் புடைப்புக்காகத் தமனியைக் கட்டியபோது நோயாளி மாண்டார். 1808-ல் செய்த சிகிச்சையே பலித்தது. இன்று தமனியைக் கட்டிவிடாமல், புதுக் குழாய் பொருத்தி ரத்த ஓட்டத்தைக் காக்க வழியுண்டு.

வசதியோ தூரத்தில் இல்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் ரண சிகிச்சைக்கெனத் தனிப் பகுதியே இருக்கிறது. வேண்டுவது எச்சரிக்கை ஒன்றே. கழுத்தில் துடிக்கும் கட்டியைக் கண்டவர் அதை அழுத்தவோ, உருவிவிடவோ, பற்றுப்போட்டு மாதங்களைக் கழிக்கவோ கூடாது. பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கைகால் சோர்வு, திடீரென வீக்கம் பெருத்தல் ஆகியவை கண்டால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. வைத்தியர்களுக்கு நாம் வற்புறுத்திக் கூறுவதும் இதுவே: கத்திக்கும் ஊசிக்கும் முன்னே ஸ்கேன் வரட்டும். ஏழை நோயாளிக்கும் அந்தப் படம் அருகிலேயே கிடைக்கும்படி செய்வது அரசாங்கத்தின் பொறுப்பு.