உங்களுக்குத் தெரியுமா? தியேட்டரில் தங்காத தாதா படம்

2011 ஜூனில் வெளியான ‘ஆரண்ய காண்டம்’ தியேட்டரில் தாக்குப்பிடிக்கவில்லை. கதை ஒரே நாளில் முடிகிறது, பாட்டு கிடையாது, வசவு தாராளம். தாதா சிங்கப்பெருமாளாக ஜாக்கி ஷெராஃப், அதுவும் வயதாகி வீராப்பு வடிந்த தாதா! மசாலா எதிர்பார்த்துப் போனவர்களுக்கு ஒட்டவில்லை.

ஆனால் அறிமுக இயக்குநர் தியாகராஜன் குமாரராஜாவுக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது கிடைத்தது. பிறகு பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே படம் பரவியது. அவர்கள் அதிகம் சிலாகிப்பது வெட்டுக்குத்தை அல்ல, சேவல் சண்டையை நம்பி வந்த காளையனையும் வாய்த்துடுக்கு மகன் கொடுக்காப்புளியையும். காளையனாக வாழ்ந்தவர் குரு சோமசுந்தரம். குமாரராஜாவின் அடுத்த படம் ‘சூப்பர் டீலக்ஸ்’ வர 2019 ஆகிவிட்டது.