கீழாநெல்லியும் காமாலைக் கணக்கும்

காமாலை என்றதும் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் பச்சிலை கீழாநெல்லி. மழைக்குப் பிறகு வரப்போரத்திலும் வீட்டுச் சுவரோரத்திலும் தானே முளைக்கும் சிறு செடி. ஈர்க்கைத் திருப்பிப் பார்த்தால், இலைகளுக்குக் கீழே குட்டி நெல்லிக்காய்கள் வரிசையாகத் தொங்கும். பெயர்க் காரணம் அதுதான். வேரோடு பிடுங்கி, மண்போகக் கழுவி, அம்மியில் அரைத்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் குடிப்பது வழக்கம். இந்த வழக்கத்தை மதிக்கிறேன். மதிப்பதால்தான், எந்தச் செடி, எந்த நோய்க்கு என்ற இரண்டு கேள்விகளை அதனிடம் கேட்கத் தோன்றுகிறது.

விஞ்ஞானிகள் இதை அலட்சியப்படுத்திவிடவில்லை. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கோடு சேர்ந்து நடத்திய ஆய்வு, 1988இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அந்த வைரஸை உடலில் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்த சோதனைகள் பலவற்றில் இந்தப் பலன் கிட்டவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட 2011ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடும், நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

செடி மாறியிருக்கலாமே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. இந்த இனத்தில் ஒன்றுபோல் தோன்றும் செடிகள் பல. ஒன்றில் காய் வழவழப்பாகச் சிறு காம்பில் தொங்கும். இன்னொன்றில் காம்பே இல்லாமல் சொரசொரப்பாக ஒட்டியிருக்கும். மண்ணும் பருவமும் மாறினால் சத்தும் மாறும். ஆய்வுக்கூடத்திலேயே இத்தனை சிக்கல் என்றால், பெயர் தெரியாத பொடியைக் கடையில் வாங்கிச் சாப்பிடுபவர் எதை நம்புவது?

"எங்கள் ஊரில் எத்தனையோ பேருக்குக் குணமாகியிருக்கிறதே" என்பது அடுத்த வாதம். குணமானது உண்மை. ஆனால் காமாலை தனி நோயன்று. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கூடியதன் அடையாளம். அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் புகழ் அதற்கே போய்ச் சேரும். அதே மஞ்சள் கண், பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் வரும். மலம் வெளிறி, உடம்பு அரிக்கும். அங்கே மோரும் பச்சிலையும் கல்லை அகற்றாது, போவது நாட்கள்தான். கர்ப்பிணிக்கு ஹெபடைட்டிஸ் இ வந்தால் உயிருக்கே ஆபத்து.

பக்கவிளைவு இல்லாத பச்சிலைதானே, குடித்தால் என்ன என்பார்கள். இலையே கெடுதல் செய்யாவிட்டாலும், அதை நம்பிக் காத்திருப்பது கெடுதல் செய்யும். கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. காரணம் தெரிந்த பிறகு, சித்த மருத்துவரிடம் போவதானாலும் அந்த அறிக்கையோடு போகலாம். கீழாநெல்லிக்கு நல்ல பெயர் நிலைக்க வேண்டுமானால், அது தீர்க்க முடியாத நோயை அதன் தலையில் ஏற்றாதிருப்போம்.