'பேக் இன் தி சேடில்': இழந்த பிடியை மீட்டவருக்கே பொருந்தும் ஆங்கிலத் தொடர்

தேர்தலில் தோற்ற தலைவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தாலும், நீக்கப்பட்ட நிர்வாகி மறுபடி பொறுப்பேற்றாலும் ஆங்கிலச் செய்திகளில் 'பேக் இன் தி சேடில்' என்ற தொடரைக் காணலாம். 'சேடில்' என்பது குதிரையின் முதுகில் இடப்படும் சேணம். சவாரியை விட்டவர் மீண்டும் அதில் ஏறி அமர்ந்தார் என்பது நேர்ப்பொருள். கைவிட்டுப் போன அதிகாரத்தைத் திரும்பப் பெற்றார் என்பது வழக்குப் பொருள். நோய்வாய்ப்பட்டு விடுப்பில் இருந்தவர் பணிக்குத் திரும்புவதையும் இவ்வாறு கூறுவதுண்டு.

முதன்முறையாகப் பதவிக்கு வருபவருக்கு இத்தொடர் பொருந்தாது. செல்வாக்கு சற்றே கூடியவருக்கும் பொருந்தாது. இதற்கு இந்திரா காந்தியின் அரசியல் வாழ்வே தக்க சான்று.

1977 மார்ச் மாதத் தேர்தலில் அவர் ரேபரேலி தொகுதியில் ராஜ் நாராயணிடம் தோற்றார், ஆட்சியும் பறிபோனது. 1978 நவம்பரில் கர்நாடகத்தின் சிக்கமகளூரு இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குத் திரும்பினார். ஆனால், அப்போது ஆட்சி ஜனதா கட்சியிடம் இருந்தது. அடுத்த மாதமே உரிமை மீறல் விவகாரத்தில் அவரது உறுப்பினர் பதவி பறிக்கப்பட்டது. சுமார் ஒரு வாரம் திகார் சிறையிலும் இருந்தார். எனவே, அந்த இடைத்தேர்தல் வெற்றிக்கு இத்தொடரைப் பயன்படுத்துவது மிகை. பின்வாங்கிய படை, விட்ட நிலத்தைச் சிறிது சிறிதாக மீட்பதைச் சொல்லும் 'ரீகெயினிங் லாஸ்ட் கிரவுண்ட்' என்ற தொடரே அதற்கு ஏற்றது. 1980 தேர்தலில் அவரது கட்சி 353 இடங்களைக் கைப்பற்றி, ஜனவரி 14 அன்று அவர் மீண்டும் பிரதமராகப் பதவியேற்றபோதுதான் சேணம் அவருக்குரியதாயிற்று.

'மீண்டும் சேணத்தில் அமர்ந்தார்' என்று சொல்லுக்குச் சொல் எழுதினால் தமிழ் வாசகருக்கு எதுவும் விளங்காது. தமிழில் அதிகாரம் சேணத்தில் இல்லை, கடிவாளத்தில்தான் இருக்கிறது. 'மீண்டும் அரியணை ஏறினார்', 'விட்டதைப் பிடித்தார்', 'அவர் கை மீண்டும் ஓங்கியது' எனச் சூழலுக்கேற்ப எழுதலாம். 1980-இல் அக்கட்சியின் சின்னமும் 'கை' என்பதால் கடைசித் தொடர் இரட்டுற மொழிதலாகவே அமைந்திருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. 'சேடில்ட் வித்' என்று வந்தால் பொருள் தலைகீழாகிவிடும். அங்கே சேணம் குதிரையின் பக்கத்திலிருந்து பார்க்கப்படுகிறது: கடனோ, வேண்டாத பொறுப்போ ஒருவர் தலையில் கட்டப்பட்டது என்றே அதற்குப் பொருள்.