கல் காய்ந்திருக்கிறதா? நாஸ்கார் பந்தயம் எப்படி இயங்குகிறது

தோசை வார்க்கத் தெரிந்தவர்கள் மாவை எடுப்பதற்கு முன்னால் கல்லைப் பார்ப்பார்கள். நாலு சொட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். சொட்டு அப்படியே கிடந்தால் கல் காயவில்லை. தொட்டதும் சுர்ரென்று ஓடி மறைந்தால் மாவு ஊற்றலாம். மாவு நன்றாகப் புளித்திருக்கலாம், கை பழகிய கையாக இருக்கலாம். கல் சரியில்லையென்றால் தோசை வராது.

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அலுப்புத்தான் வரும். நாற்பதுக்குச் சற்றுக் குறைவான கார்கள் மூன்று நான்கு மணி நேரம் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்றுகின்றன. முன்னால் போகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த அலுப்பு கடைசிவரை தீராது. கண்ணைக் கல்லின் மேல் வைக்க வேண்டும். அதாவது தடத்தின் மேல், அதில் உரசித் தேயும் டயரின் மேல். இந்தப் பந்தயத்தில் நடக்கும் பாதிக்கு மேற்பட்ட சங்கதி அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

இதற்குக் காரணம் எளிது. நாஸ்கார் கப் தொடரில் ஓடும் கார்களை ஷெவர்லே, ஃபோர்டு, டொயோட்டா என்று மூன்று நிறுவனங்களின் பெயரில் அழைத்தாலும், 2022 முதல் எல்லா அணிகளும் வாங்கிப் பூட்டும் பாகங்களில் பெரும்பகுதி ஒன்றேதான். எடை ஒன்று, சுமார் ஒன்றரை டன். டயர் எல்லோருக்கும் குட்இயர். ஃபார்முலா ஒன்னில் நடப்பதுபோல ஒரு அணி தன் காரின் வடிவமைப்பாலேயே ஆண்டு முழுக்க எல்லோரையும் தாண்டிப் போய்விட முடியாது. எல்லோருக்கும் ஒரே மாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பது கல்லும் தீயும் கையும்தான்.

முதலில் கல். கடையிலிருந்து வாங்கிவந்த புது இரும்புக்கல்லில் யாரும் உடனே தோசை ஊற்றுவதில்லை. வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி, எண்ணெயில் தொட்டு, தேய்த்துத் தேய்த்து நாள்கணக்கில் பழக்குவார்கள். எண்ணெய் சூட்டில் இறுகி ஒரு மெல்லிய படலமாகக் கல்லோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் தோசை பிய்யாமல் எழும்பும். பந்தயத் தடத்துக்கும் இப்படி ஒரு படலம் வேண்டும். அது டயர்களிலிருந்தே வருகிறது. கார்கள் ஓட ஓட ரப்பர் உரசித் தார்ப்பரப்பில் படிந்து, வளைவுகளில் கரும்பட்டையாகத் தெரியும். அந்தப் படலம் விழுந்துவிட்டால் அடுத்து வரும் டயர் மெதுவாகத் தேயும். விழவில்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் டயர் பிய்ந்துகொண்டே போகும்.

படலமே விழாத நாள் ஒன்று உண்டு. 2008இல் இண்டியானாபொலிஸ். அங்கே தரையில் மெல்லிய வரிகள் செதுக்கியிருந்தார்கள். உரசிய ரப்பர் பரப்பில் ஒட்டாமல் பொடியாகப் பறந்தது. பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் டயர் தாங்காது என்று தெரிந்ததும், அதிகாரிகளே, வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடியைக் காட்டிக் காட்டி எல்லாக் கார்களையும் டயர் மாற்ற வரவழைத்தார்கள். ஜிம்மி ஜான்சன் ஜெயித்தார். ஆனால் இன்றும் ரசிகர்கள் அந்தப் பந்தயத்தை நினைவில் வைத்திருப்பது டயருக்காகத்தான், அதுவும் கோபத்தோடு.

அதே சங்கதி கொண்டாட்டமாக மாறிய நாளும் உண்டு. டென்னசியில் பிரிஸ்டல் என்றொரு சின்னத் தடம், சுற்று அரை மைலுக்குச் சற்றே அதிகம், கான்கிரீட் தரை. 2024 மார்ச்சில் அங்கே கார்கள் ஓடியபோது ரப்பர் படியவே இல்லை. உருண்டை உருண்டையாக உதிர்ந்து தடத்தின் ஓரத்தில் குவிந்தது. ஐம்பது சுற்று ஓட்டினாலே டயரின் நூல் தெரிந்தது. வேகமாக ஓட்டியவர்கள் பின்னால் போனார்கள், பொறுமையாக ஓட்டியவர்கள் முன்னால் வந்தார்கள். முன்னணி 54 முறை கைமாறியது. சின்னத் தடங்களின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. டென்னி ஹாம்லின் ஜெயித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அதே தடத்துக்கு அதே ரக டயரைக் கொண்டுவந்தார்கள். இம்முறை ரப்பர் அழகாகப் படிந்தது, டயர் தேயவே இல்லை. கைல் லார்சன் 500 சுற்றில் 462 சுற்றுகள் முன்னாலேயே ஓடி ஜெயித்தார். மாவும் அதுதான், கல்லும் அதுதான். நாள் வேறு, சூடு வேறு. ஒரு பருவத்தை முழுதாகத் தொடரவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மார்ச் பந்தயத்தைப் பார்த்தவருக்குத்தான் செப்டம்பரில் என்ன நடக்கவில்லை என்பது தெரியும்.

அடுத்தது சூடு. கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் மாவு பரவாது, ஊற்றிய இடத்திலேயே திரண்டு நிற்கும். வெயிலில் கொதிக்கும் தார்த்தடத்திலும் டயர் பிடிமானம் இழக்கிறது, கார் வழுக்குகிறது. ஒரு மேகம் வந்து கால் மணி நேரம் நின்றால் தடம் ஆறும், எல்லோருடைய வேகமும் கூடும். இதை மிக நன்றாகப் பார்க்கக்கூடிய இடம் சார்லட். மே மாதக் கடைசியில் அங்கே நடக்கும் 600 மைல் பந்தயம் மாலை வெயிலில் தொடங்கி இரவு வெகுநேரம் கழித்து முடியும். ஆறு மணி வெயிலுக்குப் பொருத்தமாகத் தயாரித்த கார் பத்து மணிக் குளிருக்கு ஒத்துவராது. நடுவில் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

மாற்றுவதற்கு வழியை ஓட்டுநரின் வாயிலிருந்துதான் பிடிக்கிறார்கள். ரேடியோவில் ‘லூஸ்’ என்பார், வளைவில் பின்பக்கம் வெளியே ஓடுகிறது என்று பொருள். ‘டைட்’ என்பார், ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் திரும்ப மறுக்கிறது என்று பொருள். இந்தப் பேச்சை யாரும் ஒளிப்பதில்லை. அரங்கில் ஹெட்போனும் ஸ்கேனரும் வைத்துக்கொண்டு ரசிகர்கள் அப்படியே கேட்கலாம். வேறு எந்தப் பெரிய விளையாட்டிலும், ஆடுகிறவர் பயிற்சியாளரிடம் எரிச்சலோடு சொல்வதை ஆட்டம் நடக்கும்போதே பார்வையாளன் இவ்வளவு தடையில்லாமல் கேட்கமுடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘லூஸ்’ என்று ஓட்டுநர் சொன்னார், அடுத்த நிறுத்தத்தில் டயரின் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் மாற்றினார்கள், அதன் பிறகு அவர் மூன்று பேரைத் தாண்டினார். இந்த மூன்றையும் கோத்துப் பார்க்கும்போதுதான் பந்தயம் புரிய ஆரம்பிக்கிறது.

இனி தீ. அடுப்பை முழுதாகத் திருகிவிட்டு வார்த்தால் முதல் இரண்டு தோசை சீக்கிரம் வரும், பிறகு எல்லாம் கருகும். புது டயர் போட்ட முதல் ஐந்து சுற்றில் முழுமூச்சாக ஓட்டுகிறவருக்கு நடப்பதும் இதுவே. தென் கரோலினாவின் டார்லிங்டன் தடம் இதற்கென்றே பிறந்ததுபோல இருக்கும். 1950இல் திறந்தது, சுற்று 1.366 மைல், வடிவம் முட்டை. தடம் கட்டிய இடத்தில் ஒருவருடைய மீன்குட்டை இருந்தது. அதைத் தொடக்கூடாது என்று அவர் சொன்னதால் ஒரு முனையை ஒடுக்கிக் கட்டினார்கள். அதனால் இரண்டு முனையிலும் வளைவு வேறு வேறு, ஒன்றுக்குப் பொருத்திய கார் மற்றதில் முரண்டு பிடிக்கும். தரை முரடு. புது டயரோடு ஓடும் வேகத்துக்கும், நாற்பது சுற்றுக்குப் பிறகான வேகத்துக்கும் சுற்றுக்கு இரண்டு வினாடிக்கு மேல் வித்தியாசம் வரும். இந்த விளையாட்டில் இரண்டு வினாடி என்பது மிகப் பெரிய தூரம்.

அங்கே நடந்த முதல் பந்தயத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1950 செப்டம்பர், 500 மைல், 75 கார்கள். அத்தனை வேகத்தில் அத்தனை தூரம் ஓடிய அனுபவம் யாருக்கும் இல்லை. வேகமான கார்கள் டயர் வெடித்து வெடித்து மாற்றிக்கொண்டிருந்தன. ஜானி மான்ட்ஸ் என்பவர் சின்ன பிளிமத் ஒன்றில், லாரிக்குப் போடுவதுபோன்ற கெட்டியான டயர்களோடு 43ஆவது இடத்திலிருந்து கிளம்பினார். வேகம் குறைவு, ஆனால் டயர் தேயவில்லை. மற்றவர்கள் நின்று நின்று போக, இவர் ஓடிக்கொண்டே இருந்தார். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆன பந்தயத்தின் முடிவில் இரண்டாவது வந்தவரைவிட ஒன்பது சுற்று முன்னால் இருந்தார். தீயைக் குறைத்து வைத்தவர் ஜெயித்த கதை இந்த விளையாட்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

ஆகவே ஒளிபரப்பைப் பார்க்கும்போது, யார் எத்தனையாவது இடம் என்ற பட்டியலைக் கொஞ்சம் மறந்து, சுற்று நேரத்தைப் பாருங்கள். முன்னால் ஓடுகிறவரின் நேரம் சுற்றுக்குச் சுற்று ஏறுகிறதா? எட்டாவது இடத்தில் இருப்பவரின் நேரம் ஏறாமல் நிற்கிறதா? அப்படியென்றால் இருபது சுற்று கழித்து என்ன நடக்கப்போகிறது என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். ரசிகனுக்கு இதைவிட நல்ல இன்பம் கிடையாது.

கடைசியாகக் கை. டயர் மாற்றக் கார்கள் வந்து நிற்கும் பிட்டில் சுவரைத் தாண்டிக் குதிக்கும் ஐந்து பேர் நான்கு டயரை மாற்றி, பெட்ரோல் நிரப்பி, ஏறக்குறைய பத்து வினாடியில் காரை அனுப்பிவிடுகிறார்கள். ஒருவர் ஜாக்கி, ஒருவர் டயர் தூக்குகிறவர், இரண்டு பேர் கழற்றி மாட்டுகிறவர்கள், ஒருவர் பெட்ரோல். 2022க்கு முன் சக்கரத்துக்கு ஐந்து நட், இப்போது ஒன்று. இரண்டு டயர் மட்டும் மாற்றினால் நேரம் மிச்சமாகி முன்னால் வெளியே வரலாம், ஆனால் பிடிமானம் அரைகுறை. நான்கும் மாற்றினால் பிடிமானம் முழுசு, இடம் பின்னால். எத்தனை சுற்று பாக்கி இருக்கிறது என்பதைப் பொறுத்து இதன் விடை மாறும்.

2025 நவம்பரில் ஃபீனிக்ஸில் ஒரு சாம்பியன் பட்டமே இந்தக் கேள்வியில் தொங்கியது. அன்றைய விதிப்படி கடைசிப் பந்தயத்தில் நான்கு பேர் மட்டும் பட்டத்துக்குப் போட்டி, அந்த நால்வரில் முன்னால் முடிப்பவருக்குப் பட்டம். டென்னி ஹாம்லினுக்கு 44 வயது, இருபதாவது முழுப்பருவம், 60 வெற்றிகள், ஒரு பட்டமும் இல்லை. அன்று 208 சுற்றுகள் முன்னால் ஓடினார். மூன்று சுற்று பாக்கி இருந்தபோது வில்லியம் பைரனின் டயர் போய் கார் சுவரில் மோதியது. மஞ்சள் கொடி. எல்லோரும் பிட்டுக்கு வந்தார்கள். ஹாம்லினுக்கு நான்கு டயர். நால்வரில் இன்னொருவரான லார்சனுக்கு இரண்டு. மீண்டும் கிளம்பியபோது ஹாம்லினுக்கு முன்னால் கார்கள் நிறைய நின்றன, ஓடுவதற்குச் சுற்று இரண்டுதான் இருந்தது. நல்ல டயர் வேலை செய்வதற்குக் காலம் இல்லை. அந்த நால்வரில் இல்லாத ரையன் பிளேனி பந்தயத்தை ஜெயித்தார். லார்சன் மூன்றாவது, ஹாம்லின் ஆறாவது. அன்று ஒரு சுற்றுகூட முன்னால் ஓடாத லார்சனுக்குப் பட்டம் போனது. லார்சன் திறமையானவர், பட்டத்துக்குத் தகுதியானவர். ஆனாலும் காரைவிட்டு வெளியே வந்த ஹாம்லினைப் பார்த்தபோது மனம் கனத்தது. ஒரு பருவத்தைப் பிப்ரவரியிலிருந்து தொடர்ந்து வந்தவர்களுக்கு அது இன்னும் வலித்திருக்கும்.

இந்த நான்கு பேர் விதிக்கு ஒரு முன்கதை உண்டு. 2003இல் மாட் கென்செத் ஒரே ஒரு பந்தயத்தை ஜெயித்து, மற்றவற்றில் சீராக முன்னணியில் முடித்து, ஆண்டின் மொத்தப் புள்ளியில் பட்டம் வாங்கினார். எட்டுப் பந்தயம் ஜெயித்த ரையன் நியூமனுக்குப் பட்டம் இல்லை. அடுத்த ஆண்டே கடைசிப் பத்துப் பந்தயங்களுக்குத் தனிக்கணக்கு வந்தது. 2014இல் அது படிப்படியாக ஆட்களை நீக்கி, கடைசியில் நால்வரை விடும் முறையாக மாறியது. 2017இல் ஒவ்வொரு பந்தயத்தையும் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதி முடிவிலும் முதல் பத்துப் பேருக்குப் புள்ளி கொடுத்தார்கள். அதனால் நடுவழியில் டயரைச் சேமிப்பதா, புள்ளிக்காகச் செலவழிப்பதா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

டேடோனா தடத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிப்ரவரியில் பருவத்தைத் தொடங்கிவைக்கும் அதன் 500 மைல் பந்தயம்தான் எல்லாவற்றிலும் புகழ் பெற்றது. 31 பாகை சாய்ந்த வளைவு, கார்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தாற்போல ஓடும் கூட்டம், காற்றுத்தடையைப் பங்குபோடும் தந்திரம். டயருக்கு அங்கே இரண்டாம் இடம்தான். அங்கே ஜெயித்தவரை வைத்து அந்த ஆண்டைக் கணிக்கமுடியாது.

நமக்கு நெருக்கமான ஒரு பெயரும் இதில் உண்டு. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார். நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். முதல் பந்தயம் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில்லில், அரை மைல் தடம். அதற்கு முன் நீள்வட்டத் தடத்தில் ஓட்டிப் பழக்கம் இல்லாதவர் 13ஆவதாக முடித்தார். அந்த ஆண்டு அந்தத் தொடரின் ரசிகர்களுக்கு மிகப் பிடித்த ஓட்டுநர் என்ற விருதும் வாக்கெடுப்பில் அவருக்கே கிடைத்தது.

2026இலிருந்து நீக்கும் முறை போய்விட்டது. கடைசிப் பத்துப் பந்தயங்களில் பதினாறு பேர், பத்தின் மொத்தப் புள்ளிக்கே பட்டம். அந்தப் பத்தில் முதல் பந்தயம் செப்டம்பர் தொடக்கத்தில் டார்லிங்டனில், நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலை. கடைசிப் பந்தயம் ஃபீனிக்ஸை விட்டு மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட்டுக்குப் போகிறது. அங்கேயும் தார் பழையது. டயர் தேயத் தேய ஓட்டுநர்கள் பிடிமானம் தேடிச் சுவருக்கு ஒரு சாண் இடைவெளியில் ஓட்டுவார்கள்.