சிஎன்சி மெஷின் பாதி வேலையில் தடம் மாறுவது ஏன்? ஸ்பீடு செட்டிங்கில் கவனிக்க வேண்டியவை

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. எத்தனை பேர் வடம் பிடித்தாலும் டக்கென்று ஓடிவிடாது. மெல்ல அசைந்துதான் கிளம்பும். நிறுத்துவதற்கும் முட்டுக்கட்டையோடு, திருச்சி பெல் நிறுவனம் பொருத்திய ஹைட்ராலிக் பிரேக் தேவைப்படுகிறது. வீட்டு மேஜையில் மரப்பலகை செதுக்கும் சின்ன சிஎன்சி மெஷினுக்கும் இதே விதிதான். அதை மறந்துவிட்டு செட்டிங்கில் எண்ணை ஏற்றினால், பாதி செதுக்கிய பலகை வீணாகிவிடும்.

என்ன நடக்கிறது?

இந்த மெஷினை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். பெரும்பாலும் ஒரு முழுச் சுற்றுக்கு 200 ஸ்டெப். 'இத்தனை ஸ்டெப் போ' என்று கன்ட்ரோலர் சொல்லும். ஆனால், மோட்டார் நிஜமாகவே போனதா என்று பார்க்காது. பாரம் தாங்காமல் சில ஸ்டெப் தவறினால், அதற்குப் பிறகு வெட்டுவது எல்லாமே அந்த அளவு தள்ளித்தான் விழும்.

வேகமா, முடுக்கமா?

கிளம்பும்போதோ, திரும்பும்போதோ ஸ்டெப் தவறினால் முடுக்கம் அதிகம் என்று அர்த்தம். நீண்ட கோட்டின் நடுவே கீச்சென்று கத்தி நின்றால் வேகம் அதிகம். வேகம் கூடக்கூட, காயிலில் மின்னோட்டம் முழுதாக ஏற நேரம் போதாது. அதனால் மோட்டாரின் இழுக்கும் பலம் குறைந்துவிடும்.

வேகத்தை மட்டும் கூட்டியும் பலனில்லை. நிமிடத்துக்கு 1000 மி.மீ. வேகம் வைத்து, முடுக்கத்தை 10 என்று விட்டால், அந்த வேகத்தை எட்டவே சுமார் 14 மி.மீ. ஓட வேண்டும். முடுக்கம் 100 என்றால் 1.4 மி.மீ. போதும். சின்ன எழுத்து செதுக்கும்போது நேரத்தை மிச்சப்படுத்துவது முடுக்கம்தான்.

எப்படி செட் செய்வது?

பலர் பயன்படுத்தும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் 110, 111, 112 ஆகியவை எக்ஸ், ஒய், இசட் அச்சுகளின் உச்ச வேகம். 120, 121, 122 முடுக்கம்.

1. பிட்டைக் கழற்றுங்கள், ஸ்பிண்டிலை ஆஃப் செய்யுங்கள். பவர் சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

2. ஒரு நேரத்தில் ஒரு அச்சை மட்டும் எடுங்கள். முடுக்கத்தைக் குறைவாக வைத்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மோட்டார் திணறும் இடத்திலிருந்து 20 முதல் 30 சதவீதம் குறைத்து வையுங்கள். வெட்டும்போது வரும் கூடுதல் பாரத்துக்கு அந்த மிச்சம் வேண்டும்.

3. அடுத்து, இதே முறையில் முடுக்கத்தை ஏற்றி, குறைத்து வையுங்கள்.

4. தொடங்கும் புள்ளியில் பென்சில் குறி போட்டு, 20 முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். கடைசியில் அதே குறிக்கு வந்தால் செட்டிங் சரி.

ஸ்பிண்டிலின் எடையைத் தூக்கும் இசட் அச்சுக்கு எண்கள் குறைவாகவே வரும். மற்ற அச்சுகளின் எண்ணை அப்படியே போடக் கூடாது. கனமான ஸ்பிண்டில் மாற்றினாலோ, ஸ்க்ரூவில் தூசி சேர்ந்து இறுகினாலோ பழைய எண்கள் செல்லாது. பென்சில் குறி டெஸ்ட்டை மறுபடி செய்துவிட்டுப் பலகையை வைப்பது நல்லது.