கரிசல் சீமையில் ஜனநாயகம் – 9: விதைப்புக் காலத்து வேட்பாளர்

தூத்துக்குடி மாவட்டத்தின் புதூர் வட்டாரத்தில் புரட்டாசியும் ஐப்பசியும் விதைப்புக் காலம். ஆற்றுப் பாசனம் என்பதே அறியாத இந்த மானாவாரிப் பூமியில், முதல் நல்ல மழை கரிசலை நனைத்த சில நாட்களுக்குள் உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் மண்ணுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதால், நிலமற்ற குடும்பத்தின் ஓராண்டு ஜீவனத்தில் பெரும்பங்கு, அந்தச் சில வாரங்களில் யார் அதைத் தம் காட்டுக்கு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே அடங்கியிருக்கிறது. 1996, 2001, 2006, 2011 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் தமிழ்நாட்டின் ஊராட்சித் தேர்தல்கள் அக்டோபர் மாதத்திலேயே நடந்தன. அதை எவரும் சூழ்ச்சியாகத் திட்டமிடவில்லை. ஆயினும் ஒரு கூலிக்காரர் வேட்புமனுவைக் கையில் எடுக்கும் நேரமும், அவர் பிழைப்பு முழுவதும் பிறர் தயவில் தொங்கும் நேரமும் ஒன்றாகவே வந்து வாய்த்தன. “மனுவைக் கொடு; நாளைக்கு யார் காட்டுல கால் வைக்கிறேன்னு பார்ப்போம்” என்ற ஒரு வாக்கியத்துக்கு இந்தப் பிராந்தியத்தில் அரிவாளை விட வலிமை அதிகம். அதன் பின்னால் அரிவாளும் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்போது அதன் வலிமையைச் சொல்ல வேண்டியதில்லை.

1993 ஏப்ரலில் அமலுக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், அடுத்த ஆண்டில் பிறந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், தாழ்த்தப்பட்ட சமூகத்தாருக்குத் தலைவர் ஸ்தானத்தை ஒதுக்கின. நாற்காலி மட்டுமே கைமாறியிருந்தால் கிராமாந்தரத்தின் பழைய அதிகாரம் ஒருவேளை அதைச் சகித்துக்கொண்டிருக்கும். ஆனால் ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டாலன்றி ஒரு தெருவிளக்குக்கும் பணம் பெயராது என்று சட்டம் விதித்திருந்தமையால், பரம்பரையாகத் தலைகுனிந்து நின்ற ஒருவருடைய கையெழுத்துக்காகப் பிறர் காத்து நிற்கும் நிலை பிறந்தது. கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள நக்கலமுத்தன்பட்டியில், 2006 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட அருந்ததியர் தலைவர் ஜக்கையன், பிறர் நீட்டிய காகிதங்களில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட மறுத்தார். பதவியேற்ற சில வாரங்களில், நவம்பரில், கொலை செய்யப்பட்டார். 2007 பிப்ரவரியில் அதே நெல்லைச் சீமையில் மருதன்கிணறு ஊராட்சித் தலைவர் சேர்வாரன் கொல்லப்பட்டார். 2011 ஜூனில் தாழையூத்து ஊராட்சித் தலைவி கிருஷ்ணவேணி இரவில் வீடு திரும்பும் வழியில் வெட்டப்பட்டு, மரணத்தின் வாயிலிலிருந்து மீண்டார்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியான கோரம் மதுரை ஜில்லாவின் மேலவளவில் நிகழ்ந்தது. 1996 அக்டோபரில் அங்கே வாக்குப்பதிவு நடைபெறவே இல்லை. டிசம்பர் 28 அன்று நடந்த தேர்தலில் வாக்குப்பெட்டிகள் பறித்துச் செல்லப்பட்டன. 31-ஆம் தேதி போலீஸ் காவலுடன் நடந்த மறுதேர்தலில் தாழ்த்தப்பட்ட சமூகத்தவரான முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிய அவரும் துணைத் தலைவரும் உள்ளிட்ட அறுவர், பஸ் மறிக்கப்பட்டு, பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டு வரை அது நிலைத்தும் நின்றது. பின்னர் 2019 நவம்பரில் பதின்மூவரை அரசாங்கமே முன்கூட்டி விடுவித்தது. தண்டனை என்பது குற்றவாளியோடு மட்டும் பேசுவதன்று. அடுத்து மனுக் கொடுக்கக் கருதியிருப்பவரோடும் அது பேசுகிறது என்பதை அந்த விடுதலையில் கையெழுத்திட்டவர்கள் சிந்தித்திருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

தலைவர் ஸ்தானம் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுக் காலம் மனுக் கொடுக்க ஆளில்லை. எவரேனும் வந்தாலும், அவர் வென்று பதவியேற்ற மறுகணமே ராஜினாமாக் கடிதத்தை நீட்டுவதற்கென்றே நிறுத்தப்பட்டவராக இருந்தார். 2006 அக்டோபரில்தான் உத்தியோகஸ்தர்களின் விடாமுயற்சியால் அங்கே உண்மையான தேர்தல் நடந்தது.

ஆனால் வன்முறை எங்கும் ஒரே பலனைத் தருவதில்லை என்பதற்கு இந்தக் கரிசலே சாட்சி கூறுகிறது. 1895-இல் கழுகுமலையில், தேரோடும் வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமையைக் கோரி வழக்காடித் தோற்று, அதன்பின் கத்தோலிக்க மதத்தைத் தழுவிய நாடார்களுக்கும் எட்டயபுரம் ஜமீன் தரப்பினருக்கும் இடையே நேர்ந்த கலகத்தில் உயிர்கள் மாண்டன. நான்கே ஆண்டுகளில், 1899-இல், சிவகாசிக் கலகம் மூண்டது. அச்சமூகம் அரசியலை விட்டு ஒதுங்கியதா? 1910-இல் நாடார் மகாஜன சங்கத்தைக் கண்டது, 1920-இல் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனாரைச் சென்னைச் சட்டசபையில் அமரச் செய்தது. 1954-இல் விருதுநகர் காமராஜர் முதல் மந்திரியானார். உறவின்முறையும், வியாபாரத்தில் பிரித்த மகமைப் பணமும், அந்தப் பணத்தால் எழுந்த பள்ளிக்கூடங்களும், பிறர் காட்டுக்குக் கூலிக்குப் போகாமலே பிழைக்கும் கடைவீதியும் அவர்களுக்கு இருந்தன. கழுகுமலைக் கலகத்துக்கு நூறாண்டு கழித்து, 1995 ஆகஸ்ட் 31 அன்று, ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீஸார் புகுந்து தேவேந்திரர் வீடுகளை நாசமாக்கினர். சொந்த நிலமும், வளைகுடா நாடுகளிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணமும் கண்ட ஊர் அது. தொகுதியில் எண்ணிக்கைப் பலமும் அவர்களுக்கு இருந்தது. மறு ஆண்டே ஒட்டப்பிடாரம் தொகுதி அச்சமூகத்தவரான டாக்டர் கிருஷ்ணசாமியைச் சட்டசபைக்கு அனுப்பியது.

நக்கலமுத்தன்பட்டியின் அருந்ததியருக்கு இவற்றுள் எது இருந்தது? இந்த வட்டாரத்தின் பல ஊர்களில் அவர்கள் சிறுபான்மையினருள்ளும் சிறுபான்மையினர். ஊர்க்கோடியில் சில வீடுகள். நிலம் இல்லை, கடை இல்லை, கடல் கடந்த பிள்ளை இல்லை. அடிப்பவனும் கூலி கொடுப்பவனும் ஒரே பக்கத்தில் நிற்கும் இடத்தில்தான், ஒரு கொலை சுற்றியுள்ள பத்து ஊர்களின் வேட்பாளர்களையும் வீட்டுக்குள் இருத்திவிடுகிறது. ஓட்டுப் போடுவதை அது தடுப்பதில்லை, ஓட்டு இரகசியமானது. வேட்புமனுவோ பகிரங்கமானது. முன்மொழிபவரின் பெயர் முதற்கொண்டு அதில் எழுதப்பட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது.

இதைச் சட்டம் அறியாததன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், மனுத்தாக்கலைத் தடுப்பதையும், ஊராட்சித் தலைவரைக் கடமையாற்ற விடாமல் மறிப்பதையும், தேர்தலுக்குப் பின் பொருளாதாரப் பகிஷ்காரம் செய்வதையும் தனித்தனிக் குற்றங்களாக எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் கிராமத்தை அறிந்தவர்கள் என்றே தோன்றுகிறது. ஆனால் காலையில் ஆள் கூப்பிட வந்தவர் ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போய்விட்டார் என்பதை எந்த நீதிமன்றத்தில், எந்தச் சாட்சியத்தைக் கொண்டு நிரூபிப்பது?

2008 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டத்துக்கு வந்த நூறு நாள் வேலை, புதூர்ப் பக்கத்துக் கூலிக்காரருக்கு நிலக்காரர் கையிலிருந்து வாராத ஒரு கூலியைக் காட்டிற்று. காட்டு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அதைப் பழித்தவர்கள், இதுநாள்வரை ஆள் எப்படிக் கிடைத்தது என்பதையும் சேர்த்து யோசித்திருக்கலாம். ஆகவே, தனித்தொகுதி ஊராட்சிகளில், மனுத்தாக்கல் தொடங்கும் நாள் முதல் அந்த ஆண்டு வெள்ளாமை வீடு வந்து சேரும் நாள் வரை, வேட்பாளரும் அவரை முன்மொழிந்தவரும் அவர்கள் தெருவினரும் வேலை கேட்டால், நூறு நாள் கணக்கில் சேராத வேலையை மாவட்ட நிர்வாகமே நேரடியாகத் தரவேண்டும். அதற்கான கூலிப் பட்டியல் உள்ளூரார் எவர் கைக்கும் போகாமல் கலெக்டரின் அலுவலகத்திலேயே இருக்கவேண்டும். தேர்தல் ஆணையம் வாக்குச்சாவடிக்குப் போலீஸ் அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையாக இராது.