குடியை விட ஜெபம் உதவுமா?



"டிரசர் ஐயா, எங்க வீட்டுக்காரரு ஜெபக் கூட்டத்துக்குப் போறாரு. இனிமே தொடமாட்டேன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாரு. இது நிக்குமா?" சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தாய்மார்கள் இந்தக் கேள்வியை என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்களில் வேதக்காரர்களும் உண்டு, மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் உண்டு. குரலில் பாதி ஆசை, பாதி பயம்.

நிற்கும் என்பதே என் பதில். நின்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாய்மார்களிடம் நான் முதலில் பேசுவது ஜெபத்தைப் பற்றியல்ல, முதல் வாரத்தைப் பற்றி. ஏனென்றால் முதல் வாரத்தைத் தாண்டினால்தான் மற்றதெல்லாம்.

பல வருஷமாகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது. மதுபானம் மூளையை அமுக்கி வைக்கும் சாமான். அமுக்க அமுக்க மூளையும் எதிர்த்துத் தள்ளிப் பழகிவிடுகிறது. பாரமேற்றிய லோரி மேட்டில் ஏறும்போது எண்ணெயை அழுத்திக்கொண்டே இருக்கிறோம், திடீரென்று பாரம் கழன்று விழுந்தால் வண்டி என்ன பாய்ச்சல் பாயும்! அதுபோலத்தான். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும், தூக்கம் வராது. இரண்டு நாளைக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி குழம்பிவிடும். சுவரில் பூச்சி ஊறுகிறது என்பார், செத்துப்போன அப்பா வாசலில் நிற்கிறார் என்பார், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடக்கும். வைத்தியம் பார்க்காவிட்டால் இதில் உயிரே போகலாம்.

நம் லயங்களில் இதைப் பார்த்தவுடன் என்ன சொல்கிறார்கள்? "பேய் புடிச்சிருக்கு." சபைக்காரர்கள் பிசாசு போகிறது என்று சுற்றி நின்று ஜெபிக்கிறார்கள். மற்றவர்கள் பூசாரியைக் கூப்பிட்டுத் திருநீறு போடச் சொல்கிறார்கள். ஜெபிக்கட்டும், திருநீறும் போடட்டும். ஆனால் அந்த மனிதர் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது செய்யட்டும். தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியோ, எது பக்கமோ அங்கே கொண்டுபோக வேண்டும். வெட்கப்படாமல், "இத்தனை வருஷமாக் குடிச்சாரு, இன்ன நாளிலே நிறுத்தினாரு" என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நடுக்கத்தை அடக்கும் மருந்து கொடுப்பார்கள், பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். அந்த பி1 குறைந்தால் கண் பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், ஞாபகம் போய்விடும். சோறில்லாமல் வெறும் சம்சுவில் உயிர் ஓட்டியவர்களுக்கு இது கட்டாயம்.

முன்பு வலிப்பு வந்தவர், வயதானவர், விடிந்தவுடன் ஒரு மடக்கு போடாமல் பிரட்டுக்கு நிற்க முடியாதவர், இவர்கள் வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது. முதலில் கிளினிக்குக்கு வரட்டும், பிறகு சத்தியம் பண்ணட்டும்.

சரி, ஜெபத்துக்கு வருவோம்.

அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரத்தில் மேட் டால்பட் என்ற கூலித் தொழிலாளி ஒருவர் இருந்தார். 1856ல் பிறந்தவர். வீட்டில் 12 பிள்ளைகள். பன்னிரண்டு வயதில் மதுபானம் பாட்டிலில் அடைக்கும் கடையில் வேலைக்குப் போனார், அங்கேயே குடிக்கப் பழகினார். பிறகு பதினாறு வருஷம் சம்பளம் முழுதும் கடைக்கே போனது. காலணியை விற்றுக் குடித்தார். ஒருமுறை கூட்டாளிகளோடு சேர்ந்து கண் தெரியாத ஒரு பிடில்காரரின் பிடிலைத் திருடி விற்றுக் குடித்தார்கள். 1884ல் ஒரு சனிக்கிழமை, வேலையில்லாமல் கையில் காசில்லாமல் கடை வாசலில் நின்றார். தன்னிடம் எத்தனையோ நாள் வாங்கிக் குடித்த சிநேகிதர்கள் சம்பளத்தோடு வருகிறார்கள், ஒருவராவது கூப்பிடுவார் என்று பார்த்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போய்த் தாயாரிடம், குடியை விடச் சத்தியம் பண்ணப் போகிறேன் என்றார். காப்பாற்ற முடியும் என்றால் மட்டும் பண்ணு என்று அந்த அம்மாள் சொல்லி அனுப்பினார். குருமடத்துக்குப் போய்ப் பாதிரியார் முன்னால் சத்தியம் செய்தார். எத்தனை நாளைக்கு? மூன்று மாதத்துக்கு.

அந்த மூன்று மாதமும் அவருக்கு நரகம். வேலைக்கு முன் விடியற்காலைப் பூசைக்குப் போனார். மாலையில் வேலை விட்டதும், கால் கடைப் பக்கம் இழுக்கும் அந்த நேரத்தில், கோயிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ஒருநாள் தாங்காமல் ஒரு கடைக்குள் நுழைந்தேவிட்டார். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை, வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து பையில் காசு வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தார். மூன்று மாதம் முடிந்ததும் இன்னும் ஆறு மாதம் என்று நீட்டினார். பிறகுதான் ஆயுசுக்கும் என்று சத்தியம் பண்ணினார். பழைய கடன்களைத் தேடித் தேடி அடைத்தார். அந்தப் பிடில்காரரை எவ்வளவோ தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிற்காலத்தில் மரக்கிடங்கில் கூலியாக இருந்தார். ஜிம் லார்க்கினின் போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர். 1913ல் டப்ளின் முதலாளிகள் சங்கத்தை உடைக்கக் கதவடைப்புச் செய்த காலத்தைக் கண்டவர். 1925 ஜூன் 7ந் தேதி பூசைக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். 41 வருஷம் ஒரு சொட்டுத் தொடவில்லை. 1975ல் போப்பாண்டவர் ஆறாம் பவுல் அவருக்கு 'வணக்கத்துக்குரியவர்' என்ற பட்டம் கொடுத்தார். துரைமாருக்கோ பாதிரியாருக்கோ அல்ல, சம்பள நாளில் காலி வீட்டுக்குப் போன ஒரு கூலிக்காரருக்கு!

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த மூன்று மாதம்தான். நம்மவர்களுக்குச் சத்தியம் புதிதல்ல. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர், சபரிமலைக்கு மாலை போட்டவர், புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டவர், எல்லோரும் விரதத்தில் சுத்தமாக இருக்கிறார்கள். மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய இடத்தில் குந்திவிடுகிறார்கள். விரதத்துக்கு முடிவு நாள் ஒன்று இருப்பதால் வரும் வினை இது. "செத்தாலும் குடிக்க மாட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்பவரும் அதிக நாள் தாங்குவதில்லை, அந்தப் பாரம் பெரிது. டால்பட் செய்தது நடுவழி. தாங்கக்கூடிய அளவுக்கு வாங்கி, அது முடிவதற்குள் அடுத்ததை வாங்கிக்கொண்டார். முடிவு நாள் வந்தபோது கை காலியாக இல்லை.

அமெரிக்காவில் வேறு ஒரு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பில் வில்சன் என்ற பங்கு வியாபாரி 1934 டிசம்பரில் நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவக் கூட்டத்தினர் குற்றத்தை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லு, செய்த கெடுதலுக்கு ஈடு செய், கடவுளிடம் ஒப்படை என்று போதித்து வந்தார்கள். அதன் மூலம் குடியை விட்ட பழைய சிநேகிதர் ஒருவர் வில்சனிடம் பேசினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வில்சனுக்குக் கடவுள் அனுபவம் ஏற்பட்டது, அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. மருந்தும் ஜெபமும் ஒரே அறையில் இருந்தன என்பதைப் பாருங்கள். அடுத்த வருஷம் ஆக்ரன் என்ற ஊரில் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை வைத்தியரைச் சந்தித்தார். குடியால் கை நடுங்கும் டாக்டர்! அறுவை செய்யப் போகும் காலையில் நடுக்கம் அடங்க வில்சனே அவருக்கு ஒரு பீர் கொடுத்தார். அதுதான் டாக்டர் பாப்பின் கடைசிக் குடி, 1935 ஜூன் 10. (இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் இந்த வைத்தியம் செய்ய வேண்டாம், அதற்கு இப்போது ஆஸ்பத்திரியில் நல்ல மருந்து இருக்கிறது.)

அந்த இருவரால் உண்டானதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. கிறிஸ்தவக் கூட்டத்திலிருந்து முளைத்தாலும், 1939ல் தங்கள் பன்னிரண்டு படிகளை அச்சிட்டபோது, அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்ற பொருளில் எழுதிவிட்டார்கள். அதனால் முருகன் பக்தரும் அங்கே உட்காரலாம், முஸ்லிம் சகோதரரும் உட்காரலாம். சந்தா இல்லை, ஊர் பேர் கேட்பதில்லை. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடிக்க மாட்டேன்" என்பதுதான் அங்கே சத்தியம். நம் நாட்டிலும் கோலாலம்பூர் முதலிய ஊர்களில் கூட்டங்கள் நடக்கின்றன. 1979ல் தொடங்கிய மலேசியன் கேர் என்ற கிறிஸ்தவ அமைப்பு போதைப்பொருளில் விழுந்தவர்களுக்காகவும் சிறைவாசிகளுக்காகவும் வேலை செய்து வந்திருக்கிறது.

ஏன் இது பலிக்கிறது? நான் வேதாந்தம் பேசப் போவதில்லை, ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். குடிகாரருக்குப் பசி எடுப்பதுபோல் நேரம் குறித்துக் குடியாசை வரும். சாயங்காலம் ஐந்து, ஆறு மணி. அந்த நேரத்தில் போக ஓர் இடம் வேண்டும், "வாங்கண்ணே" என்று கூப்பிட ஓர் ஆள் வேண்டும். சம்சுக் கடைக்காரன் இரண்டையும் கொடுக்கிறான், அதுதான் அவனுடைய பலம். சபை அந்த இரண்டையும் கொடுத்தால் மனிதர் அங்கே போகிறார். பாட்டுத் தெரியாதவரையும் பாட வைக்கிறார்கள், நாற்காலி அடுக்கச் சொல்கிறார்கள். பல வருஷமாக மனைவி மக்கள் முகம் கொடுக்காத ஒருவருக்கு, நாற்காலி அடுக்கும் பொறுப்பு பெரிய காரியம். அடுத்தது, மன்னிப்பு. "நான் செஞ்சதுக்கெல்லாம் மன்னிப்பே கிடையாது" என்று நினைப்பவர் அதை மறக்கவே குடிப்பார். மன்னிப்பு உண்டு என்று அவர் மனதார நம்பினால் குடிப்பதற்கு ஒரு காரணம் குறைகிறது.

அதனால்தான் சபையில் எல்லோரும் ஒரே மாதிரி தேறுவதில்லை. ஞாயிறு மட்டும் கூட்டம், மற்ற ஆறு நாளும் பழைய கூட்டாளிகள் என்றால் கஷ்டம்தான்.

இதற்காக மதம் மாற வேண்டுமா என்று கேட்கும் பெண்களுக்கு: அது உங்கள் மனசு, டிரசர் சொல்லும் விஷயமல்ல. மாறினால்தான் குடி போகும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேவாரம் பாடிக் குடியை விட்டவர்களும் உண்டு. அதேபோல், புருஷன் சபைக்குப் போய்த் தேறிக்கொண்டிருக்கும்போது, "குலசாமியை விட்டுட்டான்" என்று உறவுக்காரர்கள் சண்டை மூட்டி அவரைத் திரும்பக் கடைக்கு அனுப்புவதும் நியாயமில்லை.

போதகர்களுக்கும் இரண்டு வார்த்தை. விசுவாசம் இருந்தால் மருந்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். இன்னொன்று திருவிருந்து. மெதடிஸ்ட் சபையில் புளிக்காத திராட்சைச் சாறு கொடுப்பது வழக்கம், 1869ல் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட்காரர் சாறு புளிக்காமல் பாட்டிலில் வைக்கும் வழி கண்டதே அதற்காகத்தான். திராட்சை மது கொடுக்கும் சபையாக இருந்தால், குடியை விட்டவர் போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும். கத்தோலிக்கர்கள் அப்பம் மட்டும் வாங்கினாலே நற்கருணை முழுமைதான்.

குடியை நிறுத்தும் தூள் என்று விற்பதை வாங்கிப் புருஷனுக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். டாக்டர் கொடுக்கும் டைசல்பிராம் மருந்துகூட, தெரியாமல் அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழுந்து ஆளையே கொண்டுபோகலாம். தெரிந்து சாப்பிட்டால்தான் அது மருந்து.

இதெல்லாம் ஒருவர் வீட்டுப் பிரச்சினை என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், பட்டாளம் சுட்டுத் தொழிலாளர்கள் செத்தார்கள். 1947ல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து அடிபட்டார்கள். கள்ளு போய் அதைவிடப் பல மடங்கு காரமான சம்சு வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த மலிவு மதுபானம் குடித்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்துக் கண் மங்கினாலோ, வயிறு வலித்து மூச்சு வாங்கினாலோ அது போதை தெளிவதல்ல, விஷம். உடனே ஆஸ்பத்திரி.

கடைசியாக விடுப்பு விஷயம். "ஆஸ்பத்திரியில படுத்தா சம்பளம் போயிடுமே" என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால், 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. டாக்டர் கொடுக்கும் சீட்டைப் பத்திரமாக வாங்கி 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தகவல் கொடுங்கள். கிராணி ஏதாவது மறுப்புச் சொன்னால் தோட்டக் கமிட்டித் தலைவரைப் பாருங்கள். ஒரு வருஷம் நின்றவர் ஒருநாள் வழுக்கி விழுந்தாலும் வீட்டில் கத்த வேண்டாம், சபைக்காரர்களும் ஒதுக்க வேண்டாம். மறுநாள் காலையில் கிளினிக் திறந்துதான் இருக்கும், கூட்டிக்கொண்டு வாருங்கள்.